அக்ரிமென்ட் கணவர் பெயரில்... அட்வான்ஸ் மனைவி நகையில்! தம்பதி பிரிந்தால் வாடகை வீடு யாருக்கு?

'வீட்டுக்காரர்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் இரண்டு பொருள். ஒருவர் தாலி கட்டியவர்; இன்னொருவர் மாதம் பிறந்தால் வாடகை வாங்குபவர். குடும்பம் ஒழுங்காக ஓடும் வரை இந்த இரட்டைப் பொருளால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கணவன் மனைவி பிரிகிற நாளில்தான் இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள். ஒருவர், ''நான் கிளம்புறேன்'' என்கிறார். மற்றவர், ''அப்ப வீட்டை யாரு வச்சுக்கிறீங்க?'' என்று கேட்கிறார்.

திண்டுக்கல்லில் நாகல் நகர், பேகம்பூர், மேட்டுப்பட்டி பக்கமெல்லாம் காம்பவுண்ட் வீடுகளைப் பார்க்கலாம். ஒரே கேட், உள்ளே வரிசையாக வீடுகள், பொதுவாக ஒரு மோட்டார், ஒரு தண்ணீர்த் தொட்டி. ஒரு வீட்டில் சண்டை என்றால் அடுத்த நிமிடமே காம்பவுண்ட் முழுக்கத் தெரியும். பல இடங்களில் ஹவுஸ் ஓனர் குடும்பமும் முன்வீட்டிலேயே இருக்கும். ''அண்ணே, அவரு வந்தா உள்ள விடாதீங்க'' என்று மனைவி சொல்வார். ''அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டது நான், அட்வான்ஸை என் கையில குடுங்க'' என்று கணவர் போன் செய்வார். பாவம், ஓனருக்கு இரண்டு பக்கமும் பயம். விவாகரத்து வழக்கில் ஜீவனாம்சம், நகை, குழந்தை பற்றியெல்லாம் மாதக்கணக்கில் பேசுபவர்கள், குடியிருக்கும் வாடகை வீட்டைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் ஒருவரைத் தெருவில் நிறுத்துகிறது.

யார் பெயரில் இருக்கிறது?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தமிழ்நாட்டில் 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ல் இயற்றப்பட்ட 'தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம்' 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இது நகர்ப்புறங்களுக்கான சட்டம். திண்டுக்கல் மாநகராட்சிக்குப் பொருந்தும். இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். 'பதினோரு மாதம்தானே, பத்திரம் எழுதி பீரோவுக்குள் வைத்தால் போதும்' என்ற பழைய வழக்கம் இந்தச் சட்டத்தின் முன் செல்லாது. எழுத்தில் ஒப்பந்தம் போடாததையே காரணம் காட்டி, ஓனர் வீட்டைத் திரும்பக் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது.

ஊர் வழக்கமோ வேறு. காம்பவுண்ட் வீடுகளில் பாதி வாய்வார்த்தையில் ஓடும். எழுதினாலும், 'வாடகைதாரர்' என்ற இடத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி சாட்சிக் கையெழுத்துகூடப் போட்டிருக்க மாட்டார். மாத வாடகை 6,000 ரூபாய், அட்வான்ஸ் 30,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பதாயிரம் மனைவியின் வளையலை அடகு வைத்து வந்த பணமாகவே இருந்தாலும், வீட்டைக் காலி செய்ததும் அதைத் திருப்பி வாங்கும் உரிமை காகிதத்தில் பெயர் உள்ளவருக்குத்தான். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. யாருடைய நகையில் வந்த பணம் என்று அது கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனிக்கலாம். வாடகைதாரர் இறந்துபோனால், மீதமுள்ள ஒப்பந்தக் காலத்துக்குக் குடியிருப்பு உரிமை யாருக்குப் போகும் என்று இதே சட்டம் வரிசைப்படுத்தியிருக்கிறது. அவரோடு சேர்ந்து வாழ்ந்த கணவனோ மனைவியோதான் அதில் முதலிடம். ஆனால், வாடகைதாரர் உயிரோடு இருந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டால்? அதைப் பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை.

பெங்களூரு வீட்டின் கதை

சட்டம் சொல்லாத இந்த இடத்தை நிரப்பியது ஒரு பெங்களூரு வழக்கு. 'பி.பி.அச்சலா ஆனந்த் எதிர் எஸ்.அப்பி ரெட்டி' என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005 பிப்ரவரி 11 அன்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஆர்.சி.லஹோட்டி தலைமையிலான அமர்வு அது.

கணவர் பெயரில் வாடகை வீடு. தம்பதிக்குள் மனக்கசப்பு முற்றி, கணவர் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே இருக்கிறார்கள். காலி செய்யச் சொல்லி ஓனர் தொடர்ந்த வழக்கில், கணவருக்கு அந்த வீட்டின் மேல் இனி எந்த அக்கறையும் இல்லை. 'நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன், என் பக்கத்தையும் கேளுங்கள்' என்று மனைவி நீதிமன்றத்தின் கதவைத் தட்டுகிறார். ஓனருக்கும் அவருக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. அவர் வாதாட முடியுமா?

முடியும் என்றது உச்ச நீதிமன்றம். மனைவிக்குத் தங்குமிடம் கொடுப்பது அவரைப் பராமரிக்கும் கடமையின் ஒரு பகுதி. கணவர் விட்டுவிட்டுப் போன வீட்டில் தொடர்ந்து இருக்கும் மனைவி, இறந்துபோன வாடகைதாரரின் வாரிசைப் போன்ற இடத்தில் இருக்கிறார். எனவே, கணவர் வழக்கை நடத்தவில்லை என்றால் அவர் நடத்தலாம். ஆனால் மூன்று எல்லைகள் உண்டு. கணவர் வழக்கைக் கைவிட்டிருக்க வேண்டும் அல்லது அக்கறை இல்லாமல் இருக்க வேண்டும். கணவருக்கு இருந்த உரிமைக்கு மேல் மனைவி எதையும் கேட்க முடியாது. வாடகை உட்பட வாடகைதாரரின் எல்லாக் கடமைகளையும் அவர் செய்தாக வேண்டும்.

நம் ஊர் மனைவிகள் மனதில் வைக்க வேண்டியது அந்த மூன்றாவது எல்லை. 'அவர்தானே அக்ரிமென்ட் போட்டார், வாடகையை அவரிடமே கேளுங்க' என்று கோபத்தில் சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துவது, தன் காலுக்குக் கீழே உள்ள தரையைத் தானே தோண்டுவது போன்றது. இரண்டு மாத வாடகை பாக்கியானால் அதுவே வீட்டைக் கேட்கப் போதுமான காரணம் ஆகிவிடும். முடிந்தவரை தன் வங்கிக் கணக்கிலிருந்தே வாடகையை அனுப்ப வேண்டும். ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்க வேண்டும். ஓனர் வாங்க மறுத்தால், வாடகை அதிகாரியிடம் செலுத்தும் வழியும் சட்டத்தில் இருக்கிறது.

சரி, அந்த பெங்களூரு மனைவி ஜெயித்தாரா? இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1998 டிசம்பரில், தம்பதி பரஸ்பர சம்மதத்தோடு விவாகரத்து வாங்கிவிட்டார்கள். பிரிந்து வாழும் மனைவி வேறு, விவாகரத்தான முன்னாள் மனைவி வேறு என்றது நீதிமன்றம். விவாகரத்தானவரின் குடியிருப்பு உரிமை, விவாகரத்து எந்த நிபந்தனைகளில் கிடைத்ததோ அதைப் பொறுத்தது. வீட்டைக் கொடுக்கும் கடமையைக் கணவர் ஏற்றுக்கொண்டதாக அந்த விவாகரத்தில் எதுவும் காட்டப்படவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி ஆனது.

கொள்கையில் வெற்றி, கையில் வீடு இல்லை. 'எப்படியாவது முடிந்தால் போதும்' என்று பரஸ்பர விவாகரத்து மனுவில் அவசரமாகக் கையெழுத்துப் போடுபவர்கள், அந்த வழக்கை ஒருமுறையாவது நினைத்துப் பார்க்கலாம். வீட்டில் யார் தொடர்வது, எத்தனை மாதத்துக்கு வாடகையை யார் கட்டுவது, அட்வான்ஸ் யாருக்கு என்ற வரிகள் அந்த மனுவிலேயே ஏற வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு அவற்றைச் சேர்ப்பது பெரும்பாடு.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது. பரஸ்பர விவாகரத்துக்கு ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதால், உடனே ஒருவர் வீட்டைக் காலி செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். 'பிரிந்து வாழ்வது' என்றால் கணவன் மனைவியாக வாழாமல் இருப்பதுதான், ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அது பொருந்தலாம் என்று 1991-லேயே, சுரேஷ்டா தேவி வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடி உதை இல்லாத வீட்டில் இரண்டு மாதம் பொறுத்து, காகிதத்தைச் சரிசெய்துவிட்டுப் பிரியலாம். அடி உதை இருக்கும் வீட்டில் பொறுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதற்கு வேறு சட்டம் இருக்கிறது.

வாடகை வீடும் 'பகிர்ந்த இல்லம்'தான்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (2005) என்றாலே அடிதடிக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சொல்லும் பகிர்ந்த இல்லம் என்பதில் வாடகை வீடும் அடக்கம். ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தாலும், வாய்வார்த்தையாகவே இருந்தாலும், தம்பதி சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்க மனைவிக்கு உரிமை உண்டு. வீட்டு வாடகையைக் கட்டாமல் மனைவியைத் தவிக்கவிடுவதையும் பொருளாதார வன்முறையின் கீழ் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இதில் என்னென்ன செய்யலாம்? மனைவியை வெளியேற்றக் கூடாது என்று கணவருக்குத் தடை போடலாம். கணவரையே வெளியேறச் சொல்லலாம். அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ, அதற்கான வாடகையைக் கட்டவோ சொல்லலாம். பலருக்கும் தெரியாத ஓர் அதிகாரமும் உண்டு: நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்த வீட்டின் மேல் தனக்குள்ள உரிமையைக் கணவர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவிடலாம். மனைவிக்குத் தெரியாமல் ஓனரிடம் போய் சாவியைக் கொடுத்து, அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போகும் கணவர்களைத் தடுக்கும் உத்தரவு இதுதான். அவசரமென்றால் இடைக்கால உத்தரவும் கேட்கலாம்.

இந்த உத்தரவுகள் கணவரைக் கட்டுப்படுத்துபவை. ஓனரின் நியாயமான உரிமையை இவை பறிப்பதில்லை. வாடகை நின்றுபோனாலோ ஒப்பந்தக் காலம் முடிந்தாலோ, வாடகை நீதிமன்றம் வழியாக அவர் வீட்டைக் கேட்கலாம். ஒப்பந்தமே மனைவி பெயரில் இருந்தால் கதை திரும்பிவிடும். இந்தச் சட்டம் பெண்களுக்கு மட்டுமானது. வீட்டில் தொடர விரும்பும் கணவர் மனைவியோடும் ஓனரோடும் பேசி உடன்பாட்டுக்கு வருவதுதான் வழி.

ஒத்தி வீடு என்றால் சிக்கல் பெரிது

திண்டுக்கல், மதுரை வட்டாரத்தில் 'வீடு ஒத்திக்கு விடப்படும்' என்ற அட்டையைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடக்க முடியாது. ஒரே தொகையாகச் சில லட்சங்களை ஓனரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டு, மூன்று வருடம் குடியிருப்பது. காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்குவது. மாதா மாதம் வாடகைக்கு ஓட வேண்டாம் என்பதால் மில் தொழிலாளர், சிறு வியாபாரிகள் குடும்பங்களுக்கு இது பிடிக்கும்.

அந்த லட்சங்கள் எங்கிருந்து வருகின்றன? கல்யாணத்துக்குப் போட்ட நகை, சீட்டுப் பணம், மகளிர் குழுக் கடன், மாமனார் கொடுத்தது. பத்திரத்தில் 'ஒத்தி பெறுபவர்' என்று இருப்பதோ கணவர் பெயர். தம்பதி பிரிந்தால், முப்பதாயிரம் அட்வான்ஸ் போல விட்டுத் தொலைக்கக்கூடிய தொகை அல்ல இது. பல குடும்பங்களுக்கு இதுதான் மொத்தச் சேமிப்பு.

சட்டத்தின் பார்வையில் ஒத்தி பெரும்பாலும் போக்கிய அடமானம்தான். 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம் இரண்டு சாட்சிகளோடு எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட வேண்டும். செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நல்ல காலத்தில் அது ஓடிவிடும். சண்டை வந்தால் அந்தத் தாளுக்கு வலு குறைவு. போதாக்குறைக்கு, பல ஓனர்கள் அடுத்த ஒத்திக்காரர் கொடுக்கும் பணத்தை வாங்கித்தான் பழைய ஒத்தியைத் திருப்புவார்கள். பாதியில் பிரியும் தம்பதியிடம், ''காலம் முடியட்டும், ஆள் வரட்டும்'' என்பார்கள்.

ஓனர், பத்திரத்தில் பெயர் உள்ளவரிடம் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால், அதன் பிறகு மனைவி ஓனரைக் கேட்பது கடினம். கணவரிடமிருந்துதான் மீட்க வேண்டும். மனைவிக்குத் தாய்வீடு போட்ட நகை அவருடைய முழுச் சொத்து என்பதை 1985-ல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் உறுதிசெய்துவிட்டது. அதைத் திருப்பித் தரச் சொல்லும் அதிகாரம் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டுக்கும் இருக்கிறது. ஆனால் அந்த நகைதான் இந்த ஒத்தியானது என்று காட்ட வேண்டுமே? அடகுக்கடை ரசீது, வங்கி நகைக்கடன் சீட்டு, குழுக் கடன் பதிவு, பணம் மாறிய நாளின் வங்கிக் கணக்கு எல்லாம் இங்கே தங்கத்துக்குச் சமம். அவற்றை மொபைலில் படமெடுத்து அம்மாவுக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவைப்பது பெரிய வேலை இல்லை.

சண்டை மூளும்போதே, 'இந்தப் பணம் இன்ன வகையில் என்னுடையது, என் கையெழுத்தும் இல்லாமல் திருப்பித் தர வேண்டாம்' என்று ஓனருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பலாம். அது தடை உத்தரவு ஆகிவிடாது. ஆனால், நீதிமன்றம் போகும் வரை ஓனரைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும். 'எனக்குத் தெரியாதே' என்று பின்னால் சொல்ல முடியாமலும் செய்யும்.

ஓனர் என்ன செய்யலாம்?

நடுவில் மாட்டிக்கொண்டவர் முதலில் செய்யக் கூடாதவை: பூட்டை மாற்றுவது, மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017 சட்டம் தடுக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரையும் வெளியேற்றவும் முடியாது. 'தனியா இருக்கிற பொம்பளைக்கு வீடு விடுறதில்லை' என்ற காரணம் சட்டத்தில் எங்கும் இல்லை.

எல்லோருக்கும் நல்லது, மூன்று கையெழுத்து உள்ள ஒரு காகிதம்: போகிறவர், இருக்கிறவர், ஓனர். எந்தத் தேதியோடு ஒருவர் விலகுகிறார், அதுவரை வாடகையும் கரன்ட் பில்லும் யார் பொறுப்பு, அட்வான்ஸில் யாருக்கு எவ்வளவு, அது எந்த வங்கிக் கணக்குக்குப் போகும் என்று அதில் எழுத வேண்டும். அதன் பிறகு, இருக்கிறவர் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஜீவனாம்ச வழக்கு நடந்தால், 'இந்த விலகல் ஜீவனாம்ச உரிமையைப் பாதிக்காது' என்ற ஒரு வரியையும் மனைவி கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

விலகுகிறவருக்கும் இதில் லாபம் உண்டு. இருவர் பெயரும் உள்ள ஒப்பந்தத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஓனர் முழு வாடகையையும் யாராவது ஒருவரிடமே கேட்கலாம். 'நான் போய் ஆறு மாசம் ஆச்சு' என்பது அவருக்குப் பதில் ஆகாது. கட்டியவர் மற்றவரிடம் பங்கு கேட்டு அலைய வேண்டியதுதான்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி. ஜெர்மனியில் பிரியும் தம்பதி சேர்ந்து ஓனருக்குத் தெரிவித்தாலே, விவாகரத்துக்குப் பின் வாடகை ஒப்பந்தம் வீட்டில் தொடர்பவர் பெயருக்கு மாறிவிடும். ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் முடிவு செய்யும். இங்கிலாந்தில், பெயர் இல்லாத துணை கட்டும் வாடகையையும் வாடகைதாரரே கட்டியதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது 1996-ம் ஆண்டின் குடும்பச் சட்டம். இங்கே அப்படி ஒரு வழி சட்டப் புத்தகத்தில் ஏறும் வரை மூன்று கையெழுத்துக் காகிதமே கதி.

பெரும்பாலும் நடப்பது, மனைவி குழந்தையோடு தாய்வீட்டுக்குப் போய்விடுவது. பீரோ, கட்டில், பாத்திரம், குழந்தையின் சான்றிதழ்கள் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் கிடக்கும். கிளம்புகிற அன்றே ஒவ்வோர் அறையையும் மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்வது, பின்னால் 'அந்தப் பொருளே இல்லை' என்ற பேச்சைத் தவிர்க்கும். சீர்ப் பொருட்களை மகளிர் காவல் நிலையத்தில் பட்டியல் போட்டு ஒப்படைக்கச் சொல்வது வழக்கம்தான். ஆனால் வீடு யாருக்கு, அட்வான்ஸ் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கும் இடம் காவல் நிலையம் அல்ல.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று பின்வாங்க வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. திண்டுக்கல் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். தேசிய உதவி எண் 15100. வன்முறை இருந்தால் 181-க்கு அழைத்தால், சமூக நலத் துறையின் பாதுகாப்பு அலுவலரையும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் அணுக வழிகாட்டுவார்கள். போகும்போது வாடகை அல்லது ஒத்திப் பத்திரத்தின் நகல், வாடகை கட்டிய ரசீதுகள், நகை அடகுச் சீட்டு, அந்த முகவரி உள்ள ஆதார் அல்லது குடும்ப அட்டை ஆகியவற்றைக் கையில் எடுத்துப்போக வேண்டும். பத்திரம் கணவரிடம் இருந்தால், ஓனரிடம் உள்ள பிரதியைப் படமெடுத்துக்கொண்டாலும் போதும்.